குழந்தையின் சிறுநீர்ப்பைக்கு மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

குழந்தைக்குக் காய்ச்சல், சிறுநீரில் கிருமி, மாத்திரையில் குணமாகிவிட்டது. அதன்பின் மருத்துவர் சீட்டில் ‘எம்.சி.யு.’ என்று மூன்றெழுத்தை எழுதிக் கொடுக்கிறார். கேரள எல்லையில் குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. மேற்கே இறங்கினால் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. கிழக்கே இறங்கினால் தேனி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி. ஒரு பக்கம் ‘எம்.சி.யு.’ என்று எழுதுவார்கள், மறுபக்கம் ‘வி.சி.யு.ஜி.’ என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே சோதனைதான்: சிறுநீர்ப்பைக்கு மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே. வெவ்வேறு சோதனை என்று நினைத்து இரண்டுக்கும் நாள் வாங்கி வைத்திருந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவன் நான், மருத்துவன் அல்ல. ஆனால் அந்த மேசையில் படுத்து அழுத குழந்தைகளில் பலருக்கு அந்தச் சோதனை தேவையே இல்லை என்பதும், கட்டாயம் வந்திருக்க வேண்டிய சிலர் மிகத் தாமதமாக வந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “இந்தச் சோதனையின் முடிவைப் பொறுத்து நீங்கள் கொடுக்கும் சிகிச்சை மாறுமா?” மாறாது என்றால் சோதனை வேண்டாம். மாறும் என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

1. இந்தச் சோதனை எதைப் பார்க்கிறது

சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகிறது. பை நிறையும்போது அந்தச் சாய்வு அழுந்தி, சைக்கிள் டியூபின் வால்வைப் போல வந்த வழியே திரும்பவிடாமல் தடுக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்த அமைப்பு பலவீனமாக இருக்கும். அப்போது சிறுநீர் மேலே திரும்பி ஏறும். இதைத்தான் பின்னோட்டம் அல்லது ரிஃப்ளக்ஸ் என்கிறோம். கிருமியுள்ள சிறுநீர் சிறுநீரகம் வரை ஏறினால் அங்கே தழும்பு விழலாம். காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பின்னோட்டம் காணப்படுகிறது.

எம்.சி.யு. சோதனையில் மெல்லிய டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் அயோடின் கலந்த மருந்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரே படம் எடுக்கிறோம். மருந்து மேலே ஏறுகிறதா, எவ்வளவு உயரம் ஏறுகிறது, சிறுநீர் வெளியேறும் பாதையில் அடைப்பு உண்டா என்பதெல்லாம் தெரியும். பின்னோட்டத்தை 1 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 1, 2 நிலைகள் பெரும்பாலும் குழந்தை வளர வளரத் தாமாகவே சரியாகிவிடும். 4, 5 நிலைகள்தான் கவலைக்குரியவை.

2. முதலில் சிறுநீரை ஒழுங்காகப் பிடியுங்கள்

எல்லாரும் அவசரமாகத் தாண்டிச் செல்லும் படி இது. தேவையற்ற எம்.சி.யு.க்களில் கணிசமானவை தப்பான சிறுநீர்ப் பரிசோதனையிலிருந்துதான் பிறக்கின்றன. தொற்றே இல்லாத குழந்தைக்குத் தொற்று என்று முத்திரை குத்தியபின், அடுத்தடுத்த சோதனைகள் தாமாகவே வரிசை கட்டி வந்துவிடும்.

கைக்குழந்தைக்கு ஒட்டும் பிளாஸ்டிக் பையில் சிறுநீர் பிடிப்பது எளிது. அதில் கிருமி இல்லை என்று வந்தால் நம்பலாம். இருக்கிறது என்று வந்தால் நம்ப முடியாது. தோலிலும் மலத்திலும் இருக்கும் கிருமிகள் பைக்குள் விழுந்திருக்கும். அந்த முடிவை மட்டும் வைத்து எக்ஸ்ரே மேசைக்குப் போகக் கூடாது. கழுவிச் சுத்தம் செய்தபின் நடுவில் வரும் சிறுநீரைப் பிடிப்பதும், அவசரமென்றால் மருத்துவமனையில் மெல்லிய டியூப் வழியாக எடுப்பதும் நம்பகமானவை. குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் குழந்தையின் அடிவயிற்றை மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தால், சில நிமிடங்களில் சிறுநீர் கழிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வே இருக்கிறது. ஒருவர் தடவட்டும், ஒருவர் சுத்தமான பாட்டிலோடு காத்திருக்கட்டும்.

மலைப்பக்கத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எஸ்டேட் லயத்தில் காலையில் பிடித்த சிறுநீர், பஸ் மாறி, குமுளியின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, கம்பத்து ஆய்வகத்தை அடைவதற்குள் மதியமாகிவிடும். வெதுவெதுப்பான பாட்டிலில் கிருமி பெருகும். நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க முடியாது என்றால் குளிரில் வைத்துக் கொண்டு போக வேண்டும். அதைவிட நல்லது, குழந்தையையே அழைத்துப் போய் ஆய்வகத்தில் பிடிப்பது.

மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வேளை கொடுத்துவிட்டுக் கல்ச்சருக்கு (சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) போவதும் நம் ஊரில் வாடிக்கை. மருந்து உள்ளே போனபின் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். அதன்பின் குழந்தைக்குத் தொற்று இருந்ததா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கல்ச்சர் அறிக்கையில் இரண்டைப் பாருங்கள். நடுவில் பிடித்த சிறுநீரில் ஒரே வகைக் கிருமி, ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் எண்ணிக்கைக்கு மேல் வளர்ந்திருந்தால் அது தொற்று. பல வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தால் பெரும்பாலும் பிடித்த விதத்தில் கோளாறு. கிருமியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ‘ஈ.கோலை’தான். வேறு கிருமி என்றால் மருத்துவர் கூடுதலாக யோசிப்பார்.

3. அடுத்தது வயிற்று ஸ்கேன்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வலியில்லை, கதிர்வீச்சில்லை, செலவும் குறைவு. இந்தியக் குழந்தைச் சிறுநீரக மருத்துவர்களின் நெறிமுறை, சிறுநீர்த் தொற்று வந்த எல்லாக் குழந்தைக்கும் இந்த ஸ்கேனைப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் நெறிமுறை இன்னும் சிக்கனமானது: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு முதல் தொற்று, அதுவும் மருந்துக்கு நன்றாகக் கேட்டுவிட்டது என்றால், ஸ்கேன் கூட வேண்டியதில்லை என்கிறது. கர்ப்பகாலத்தில் சரியாக ஸ்கேன் பார்க்காத குடும்பங்கள் நம்மிடையே நிறைய இருப்பதால், இந்திய வழியே நமக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஸ்கேனுக்குப் போகும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். பெரிய குழந்தை என்றால், சிறுநீர் கழித்தபின் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பல மையங்களில் கேட்டால்தான் பார்க்கிறார்கள். சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, குழாய் விரிந்திருக்கிறதா, சிறுநீர்ப்பையின் சுவர் தடித்திருக்கிறதா, சிறுநீர் மிச்சம் நிற்கிறதா என்ற நான்கு விவரமும் அறிக்கையில் இருக்க வேண்டும். ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல் போதாது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் பின்னோட்டம் இருக்கலாம். சில வேளை உயர்ந்த நிலைப் பின்னோட்டம்கூடத் தப்பிவிடும். அப்படியிருந்தும் ஸ்கேன் இயல்பாக உள்ள முதல் தொற்றில் எம்.சி.யு. வேண்டாம் என்கிறார்கள். காரணம் அடுத்த பகுதியில்.

4. யாருக்கு எம்.சி.யு. வேண்டும்

1999-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நெறிமுறை, இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரை முதல் தொற்று வந்த எல்லாக் குழந்தைக்கும் பின்னோட்டம் பார்க்கச் சொன்னது. பின்னோட்டத்தைக் கண்டுபிடித்துத் தினமும் சிறிய அளவு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சிறுநீரகத்தைக் காக்கலாம் என்பது அப்போதைய நம்பிக்கை. அதைச் சோதித்த ஆய்வுகள் வந்தபோது நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2011-இல் அதே கழகம் தன் நெறிமுறையை மாற்றியது: முதல் தொற்றுக்கு ஸ்கேன் போதும், எம்.சி.யு. வழக்கமாகச் செய்யக் கூடாது. 2014-இல் பின்னோட்டம் உள்ள 607 குழந்தைகளை, தினசரி மருந்து ஒரு பிரிவுக்கு, வெற்று மருந்து மறு பிரிவுக்கு என்று பிரித்து அமெரிக்காவில் நடந்த ‘ரிவர்’ ஆய்வு வெளிவந்தது. தினசரி மருந்து கொடுத்ததில் மறுதொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் சிறுநீரகத் தழும்பில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. பின்னோட்டத்தைக் கண்டுபிடிப்பதாலேயே சிறுநீரகம் காக்கப்பட்டுவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆகவே இன்று எம்.சி.யு.வுக்கு வர வேண்டியவர்கள் குறைவு. ஸ்கேனில் சிறுநீரக வீக்கமோ, குழாய் விரிவோ, தடித்த சிறுநீர்ப்பையோ, தழும்போ தெரிந்தவர்கள். காய்ச்சலோடு தொற்று மறுபடி வந்தவர்கள். இவர்களுக்கு அடுத்தபடியாக, இயல்பான போக்கில் இல்லாத தொற்று உள்ள சின்னக் குழந்தைகள்: சரியான மருந்து கொடுத்தும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் அடங்காதது, கிருமி இரத்தத்தில் கலந்தது, இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியது, சிறுநீர் மெல்லிய தாரையாக வருவது, ஈ.கோலை அல்லாத கிருமி. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பின்னோட்டம் இருந்ததும் கணக்கில் சேரும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் மருத்துவர் இன்னும் சீக்கிரம் இந்த முடிவுக்கு வருவார். 2011-இல் வந்த இந்திய நெறிமுறை ஒரு வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் எம்.சி.யு. பரிந்துரைத்தது. அதையே இன்றும் பின்பற்றும் மருத்துவர்கள் உண்டு. அவர்கள் எழுதிக் கொடுத்ததைத் தவறு என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன கேள்வியைக் கேளுங்கள், காரணம் சொல்வார்கள்.

இவற்றையெல்லாம் விட அவசரமான ஒன்று உண்டு, அதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது. ஆண் குழந்தைக்குச் சிறுநீர் வெளியேறும் பாதையில் பிறவியிலேயே மெல்லிய சவ்வு அடைத்திருப்பது. 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கும். பை முக்கி முக்கிச் சுவர் தடிக்கும், இரண்டு சிறுநீரகமும் வீங்கும், கவனிக்காவிட்டால் செயலிழக்கும். இதற்கு எம்.சி.யு. தவிர்க்க முடியாதது, பின்னால் செய்யும் சிறு அறுவைக்கு அதுதான் வழிகாட்டி. ஆகையால் ஆண் குழந்தை பெற்ற வீட்டில் சிறுநீர்த் தாரையைப் பாருங்கள். வளைந்து தூரமாக விழுகிறதா, சொட்டுச் சொட்டாக வடிகிறதா, முக்குகிறானா? சந்தேகம் என்றால் கைபேசியில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கொழுந்து பறிக்கவும் ஏலக்காய் எடுக்கவும் தாய் விடிந்ததும் போய்விடும் வீடுகளில், பாட்டியிடமும் காப்பகத்து ஆயாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பகலில் குழந்தையின் தாரையைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

கர்ப்பகால ஸ்கேனில் சிசுவின் இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தது, பனிக்குட நீர் குறைவாக இருந்தது என்று எழுதியிருந்தால், பிறந்தவுடன் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் லேசான வீக்கம் என்றால் அவசரமில்லை. பிறந்த முதல் இரண்டு நாளில் குழந்தையின் உடலில் நீர் குறைவாக இருப்பதால் அப்போது எடுக்கும் ஸ்கேன் வீக்கத்தைக் குறைத்துக் காட்டும். அதற்குப் பின் எடுப்பதே சரி. முதுகின் அடியில் மயிர்க்கற்றையோ குழியோ இருந்து, கால் பலவீனமும் ஓயாமல் சிறுநீர் கசிவதும் சேர்ந்தால், அது நரம்புச் சிக்கலாக இருக்கலாம். அங்கும் எம்.சி.யு.வுக்கு வேலை உண்டு.

5. யாருக்கு வேண்டாம்

பகலில் ஒழுங்காக இருந்து இரவில் மட்டும் படுக்கையை நனைக்கும் குழந்தைக்கு வேண்டாம். ஐந்து வயதில் ஏழு பேரில் ஒருவர் அப்படித்தான் இருப்பார். பெரும்பாலும் காலம்தான் மருந்து. பள்ளியில் கழிப்பறை அசுத்தம் என்று நாள் முழுதும் அடக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஓடும் சிறுமிக்கும் வேண்டாம். மலைக் குளிரில் தண்ணீர் குடிப்பதும் குறைந்துபோகும். இந்தப் பிள்ளைகளுக்கு நீர்க்கடுப்பு மறுபடி மறுபடி வருவதற்கு மலச்சிக்கலே பெரிய காரணம். கெட்டிப்பட்ட மலம் பையை அழுத்தும், சிறுநீர் முழுதாக வெளியேறாது, மிச்சத்தில் கிருமி வளரும். மலச்சிக்கலைச் சரிசெய்து, இரண்டு மூன்று மணிக்கொருமுறை கழிப்பறைக்குப் போகப் பழக்கினால் பலருக்குத் தொற்று நின்றுவிடும். இதைச் செய்யாமல் எத்தனை படம் எடுத்தாலும் பயனில்லை.

ஒழுங்காகச் சிறுநீர் கழித்துக்கொண்டே, இடையிடையே எந்நேரமும் உள்ளாடை ஈரமாக இருக்கும் சிறுமியின் கதை வேறு. சிறுநீர்க் குழாய் தவறான இடத்தில் திறந்திருக்கலாம். அதற்கு முதல் சோதனை எம்.சி.யு. அல்ல, குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.

சி.டி. ஸ்கேன் இந்த வேலைக்கு வேண்டாம். கதிர்வீச்சு அதிகம், பின்னோட்டம் அதில் தெரியாது. ‘டி.எம்.எஸ்.ஏ.’ என்பது இன்னொன்று: நரம்பில் மருந்து செலுத்திச் சிறுநீரகத் தழும்பைப் பார்க்கும் சோதனை. நிலையான தழும்பு தெரிய, தொற்று ஆறி நான்கு முதல் ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டு மறு மாதமே எடுத்தால், ஆறிக்கொண்டிருக்கும் வீக்கத்தைத் தழும்பு என்று எண்ண நேரும். நுண்குமிழி மருந்தைச் சிறுநீர்ப்பையில் நிரப்பி அல்ட்ராசவுண்டில் பின்னோட்டம் பார்க்கும் முறையை அமெரிக்கா 2016-இல் குழந்தைகளுக்கு அனுமதித்தது. கதிர்வீச்சு இல்லாத நல்ல முறை, ஆனால் டியூப் வைப்பது அதிலும் உண்டு. பெருநகர மருத்துவமனைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

6. நாளும் இடமும்

தொற்று தீர்ந்து சிறுநீர் சுத்தமான பிறகே செய்ய வேண்டும். சோதனைக்கு முன் சிறுநீரைப் பரிசோதித்துவிடுவது நல்லது. சோதனையை ஒட்டிச் சில நாள் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது பல மருத்துவமனைகளின் வழக்கம். சீட்டில் இல்லையென்றால் கேளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருங்கள். பை நிறைவதைத் தொடர்ந்து திரையில் பார்க்கும் ஃப்ளூரோஸ்கோபி கருவி வேண்டும். சாதாரண எக்ஸ்ரே கருவியில் மருந்தை ஏற்றிவிட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படம் எடுத்தால், கண நேரம் ஏறி இறங்கும் பின்னோட்டம் தப்பிவிடும், சிறுநீர்ப்பாதையின் படமும் சரியாக விழாது. மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ஆகவே தொலைபேசியிலேயே கேளுங்கள்: “குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்கிறீர்களா? ஃப்ளூரோஸ்கோபி உண்டா?” நவீனக் கருவியில் கவனமாகச் செய்தால் குழந்தை பெறும் கதிர்வீச்சு ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. இயற்கையிலிருந்து நாம் ஆண்டுதோறும் பெறுவது உலகச் சராசரியில் இரண்டு மூன்று மில்லிசீவர்ட். பயப்பட வேண்டியதில்லை, வீணாக்கவும் வேண்டியதில்லை.

செலவு விஷயம்: கேரளாவின் காருண்யா திட்டமும் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் வெவ்வேறு அட்டை. எந்த மாநில ரேஷன் அட்டை உங்களிடம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள்.

7. சோதனை நாளில்

பட்டினி போட வேண்டாம். மயக்கம் கொடுக்கத் திட்டமிட்டால் மட்டும் அவர்கள் சொல்வார்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள்: “சின்ன டியூப் வைப்பார்கள், கொஞ்சம் எரியும், ஒன்றுக்கு வருவது போல இருக்கும், படுத்துக்கொண்டே போகலாம், யாரும் திட்ட மாட்டார்கள்.” ‘ஊசி இல்லை, ஒன்றுமே இல்லை’ என்று ஏமாற்றிக் கூட்டி வந்த குழந்தையை மேசையில் சமாளிப்பது யாராலும் ஆகாத காரியம். படுக்கையில் சிறுநீர் கழிக்கக் கூடாது என்று பழக்கிய பிள்ளைக்கு, அந்நியர் முன்னால் மேசையில் கழி என்பதே பெரிய சோதனை. முதல் நாள் வீட்டுக் குளியலறையில் பிளாஸ்டிக் விரிப்பில் படுக்கவைத்து விளையாட்டாகப் பழக்கிப் பாருங்கள்.

தாயோ தந்தையோ ஈய மேலங்கி அணிந்து கூட நிற்கலாம். தாய் கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், உள்ளே வரக் கூடாது. தந்தையோ சித்தியோ வரட்டும். அயோடின் மருந்து ஒவ்வாமை முன்பு வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சுத்தம் செய்து, மரத்துப்போகும் ஜெல் தடவி, மெல்லிய டியூப் வைப்பார்கள். அதிகம் வலிக்கும் கட்டம் அதுதான். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு பாட்டிலைத் தொங்கவிட்டு மருந்து தானாக இறங்கும்படி நிரப்புவார்கள். சிரிஞ்சில் அழுத்தி ஏற்றக் கூடாது. எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு: வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் அத்தனை மில்லி. மூன்று வயதுக்கு 150 மில்லி. கைக்குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு ஏழு மில்லி.

பை நிறைந்தபின் காத்திருப்புதான். குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்கவைப்பது, வெதுவெதுப்பான நீரைத் தொடையில் ஊற்றுவது எல்லாம் உதவும். ஆண் பிள்ளையைச் சாய்வாகப் படுக்கவைத்துச் சிறுநீர் போகும் நேரத்தில் படம் எடுத்தே ஆக வேண்டும். அந்தப் படம் இல்லாவிட்டால் அடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. முழுவதும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

8. வீட்டுக்கு வந்தபின்

ஒரு நாள் எரிச்சல் இருக்கும், சிறுநீர் லேசாக இளஞ்சிவப்பாக வரலாம். நிறையத் தண்ணீர் கொடுங்கள். அடக்கி வைக்கிறது என்றால் வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் உட்காரவைத்து அதிலேயே கழிக்க விடுங்கள். அடுத்த சில நாளில் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரே போகாவிட்டாலோ உடனே மருத்துவமனை.

அறிக்கையில் பின்னோட்டத்தின் நிலை, எந்தப் பக்கம், நிரம்பும்போதா கழிக்கும்போதா, சிறுநீர்ப்பாதையின் தோற்றம், கழித்தபின் மிச்சம் ஆகியவை இருக்க வேண்டும். அறிக்கையோடு படங்களையும் கேட்டு வாங்குங்கள். குறுந்தட்டு கொடுத்தால் கைபேசியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டப்பனையில் எடுத்ததைக் கம்பத்தில் காட்ட முடியாததால் மட்டுமே அதே சோதனை மறுபடி நடப்பது நம் எல்லைப் பக்கத்தில் சாதாரணம். கல்ச்சர் அறிக்கை, ஸ்கேன், எம்.சி.யு. எல்லாம் தேதி வரிசையில் ஒரே கோப்பில் இருந்தால், எந்த மாநிலத்து மருத்துவரும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பின்னோட்டம் இருப்பதாக வந்தால், அடுத்த ஆண்டே மறுபடி எம்.சி.யு. என்று கட்டாயமில்லை. காய்ச்சல் இல்லாமல், வளர்ச்சி சரியாக, இரத்த அழுத்தம் இயல்பாக இருந்தால் ஸ்கேனோடு கவனித்து வரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இனிக் காரணம் தெரியாத காய்ச்சல் எப்போது வந்தாலும், மருந்து தொடங்குவதற்கு முன் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.